வெளிப்படாதது இல்லாததா?

பிறந்த குழந்தையின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியில் படமெடுத்தால், சாம்பல் பகுதியும் வெண்பகுதியும் பெரியவர்களின் படத்தில் தெரிவதற்கு நேர்மாறான சாயலில் தெரியும். ஒரு வயது நிறையும்போது படம் கிட்டத்தட்ட பெரியவர்களுடையதைப் போல ஆகிவிடும். இடையில், ஆறு மாதத்தை ஒட்டி, ஒரு விசித்திரமான கட்டம் வருகிறது. இரண்டு பகுதிகளும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துவிடுகின்றன. ஒன்று எங்கே முடிந்து இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று கணினிக்கும் பிடிபடாது, பழகிய கண்ணுக்கும் எளிதில் பிடிபடாது. கருவியில் கோளாறு ஏதுமில்லை. நரம்பிழைகளின் மேல் மயலின் என்னும் கொழுப்புறை படரப் படர அந்தத் திசுவின் நீரளவு குறைகிறது. அதனால் சாயல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்கிறது, நடுவழியில் இரண்டும் சமமாகிவிடுகின்றன. மூளை மும்முரமாகத் தன்னைக் கட்டிக்கொண்டிருக்கும் மாதங்களில்தான் கருவியின் கண் மங்குகிறது. படத்தில் எல்லை தெரியவில்லை என்பதற்காக மூளையில் எல்லையே இல்லை என்று எந்த ஆய்வாளரும் எழுதுவதில்லை. படத்தின் விஷயத்தில் அவ்வளவு கவனம். படத்தை விட்டுக் குழந்தைக்கு வந்தவுடன் அந்தக் கவனம் தளர்ந்துவிடுகிறது. ஒரு குழந்தை ஒன்றைச் செய்து காட்டவில்லை என்ற பதிவு, அந்தக் குழந்தையிடம் அது இல்லை என்ற தீர்ப்பாக ஓசையில்லாமல் மாறிவிடுகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஆராய்வதில் உள்ள மற்ற சிரமங்களுக்குப் பணமும் தொழில்நுட்பமும் விடை சொல்லக்கூடும். இந்தத் தாவல் தத்துவத்தின் பாற்பட்டது.

இந்தத் தாவலை நன்றாக யோசித்தவர் ஒருவர் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்திருக்கிறார். 1017இல் அங்கே பிறந்ததாக மரபு சொல்லும் இராமானுசர், பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில் ஒரு சிக்கலை எடுத்துக்கொள்கிறார். அறிவு உயிரின் இயல்பான குணம் என்றால் ஆழ்ந்த உறக்கத்தில் அது எங்கே போகிறது? உறங்குபவனுக்கு எதுவும் தெரிவதில்லையே. இரண்டாம் அத்தியாயத்தின் மூன்றாம் பாதத்தில் வரும் சூத்திரமே இதற்கு ஓர் உவமை தருகிறது: ஆண்மை சிறுவயதிலும் இருக்கிறது, ஆனால் இளமையில்தான் வெளிப்படுகிறது. உறக்கத்தில் அறிவும் அப்படித்தான், இருந்தும் வெளிப்படாமல் இருக்கிறது என்பது இராமானுசரின் விடை. வைணவ மரபு பின்னர் தர்மபூத ஞானம் என்று விரிவாகப் பேசிய கருத்தின் வேர் இங்கே இருக்கிறது. விளக்கிலிருந்து ஒளி பரவுவதுபோல உயிரிடமிருந்து அறிவு பரவுகிறது. தடை இருந்தால் சுருங்கும், தடை நீங்கினால் விரியும். சுருங்கியிருப்பதும் இல்லாமலிருப்பதும் ஒன்றல்ல. இறையியலுக்காகச் செய்யப்பட்ட இந்தப் பாகுபாட்டில் ஓர் ஆய்வு நெறியும் இருக்கிறது, அதைக் குழந்தை மூளை ஆய்வு கடன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் வாதம். கடன் வாங்குவதற்கு வைணவராக இருக்க வேண்டியதில்லை, உயிர் உண்டென்று நம்பவும் வேண்டியதில்லை. அந்த நெறி எங்கே முறியும் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் கருவிகளைப் பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூருக்குக் கிழக்கே, சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில் தண்டலத்தில் சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட 'தரணி' என்ற கருமூளை வரைபடத்துக்கு மருத்துவத் துணை நின்றவற்றுள் அதுவும் ஒன்று. கருவுற்ற நான்கு முதல் ஆறாம் மாதம் வரையிலான மூளைகளைச் சீவல்களாக்கி, 5,132 சீவல்களை உயிரணு மட்டத் தெளிவில் முப்பரிமாணமாக அடுக்கிய வரைபடம் அது. உலகில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பெரிய சாதனைதான். ஆனால் அந்த மூளைகள் வளர்வதை நிறுத்திவிட்டவை. ஒரு கருவின் நான்காம் மாதத்தையும் இன்னொரு கருவின் ஐந்தாம் மாதத்தையும் பக்கத்தில் வைத்து, இடையில் என்ன நடந்திருக்கும் என்று நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். உயிரோடிருக்கும் குழந்தையை மாதாமாதம் பின்தொடரலாம்தான், ஆனால் அங்கே உயிரணு தெரியாது. எம்.ஆர்.ஐ. படத்தின் மிகச் சிறிய கட்டத்துக்குள்ளேயே பல்லாயிரக்கணக்கான நரம்பணுக்கள் அடங்கிவிடும். மூளை வேலை செய்வதைக் காட்டும் படங்களோ நரம்பணுவின் வேலையை நேரடியாகக் காட்டுவதில்லை. அதைத் தொடர்ந்து சில நொடிகள் கழித்து ஏறும் இரத்த ஓட்டத்தைக் காட்டுகின்றன. பச்சைக் குழந்தையில் அந்த ஓட்டத்தின் வேகமே வேறு. அமைப்பு தெளிவாகக் கிடைக்கும் இடத்தில் காலம் கிடைப்பதில்லை. காலம் கிடைக்கும் இடத்தில் அமைப்பு மங்கிவிடுகிறது.

இதைவிடப் பாடம் தரும் கதை குழந்தையின் அசைவைப் பற்றியது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஒரு முடிவு பலமாக நிலைபெற்றது. சிறுவர்களின் மூளையில் பக்கத்துப் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு வலுவாகவும் தொலைவுப் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு மெலிவாகவும் இருக்கிறது, வயது ஏற ஏற இது மாறுகிறது, இதுவே முதிர்ச்சியின் அடையாளம் என்றார்கள். 2012இல் வெளிவந்த சில ஆய்வுகள் அந்த அழகான முடிவின் மேல் தண்ணீர் ஊற்றின. கருவிக்குள் படுத்திருப்பவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தலையை அசைத்தால்கூட, பக்கத்துத் தொடர்பு கூடியது போலவும் தொலைவுத் தொடர்பு குறைந்தது போலவும் படம் பொய் சொல்லும். சிறுவர்கள் பெரியவர்களைவிட அதிகம் அசைகிறார்கள். இதைக் கண்டுபிடிக்கவா ஆய்வகம் வேண்டும், பிள்ளை பெற்ற எவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்! ஆக, மூளையின் முதிர்ச்சி என்று அளந்ததில் ஒரு பகுதி, சும்மா படுத்திருக்கும் திறமையின் அளவாக இருந்திருக்கிறது. அசைவைக் கழித்துப் பார்த்தபோது அந்த முடிவு பெருமளவு இளைத்துப்போனது. பிழையைக் கண்டவர்களில் முன்பு அந்த முடிவை எழுதியவர்களும் இருந்தார்கள் என்பது அறிவியலுக்குப் பெருமை. ஆனால் பிழையின் வடிவம் முக்கியம். குழந்தை ஒத்துழைக்காதது குழந்தையின் குறையாகப் பதிவானது. 2022இல் 'நேச்சர்' இதழில் வந்த பெரிய ஆய்வு ஒன்று இன்னொரு பக்கத்தைக் காட்டியது. மூளைப் படத்தையும் அறிவுத்திறன் போன்ற பண்புகளையும் இணைத்துப் பேசும் முடிவுகள் திரும்பவும் அதேபோல் வர வேண்டுமானால் ஆயிரக்கணக்கானவர்களைப் படமெடுக்க வேண்டும். அதுவரை வழக்கமான எண்ணிக்கை இருபத்தைந்தை ஒட்டியே இருந்தது.

கருவியே இல்லாத சோதனைகளிலும் இதே கதைதான். பொம்மையைத் துணியால் மூடினால் ஏழு மாதக் குழந்தை அதைத் தேடுவதில்லை. எட்டு, ஒன்பது மாதத்தில் தேடுகிறது. இதைக் கவனித்த ஜான் பியாஜே, மறைந்த பொருள் தொடர்ந்து இருக்கிறது என்ற எண்ணமே அதற்குமுன் குழந்தைக்கு இல்லை என்று முடிவு கட்டினார். 1985இல் ரெனே பையார்ஷோனும் அவருடன் ஆய்ந்தவர்களும் கையை விட்டுவிட்டுக் கண்ணைக் கேட்டார்கள். ஒரு பலகை பின்னால் சாய்கிறது. அதன் பின்னே ஒரு பெட்டி இருக்கிறது. பலகை பெட்டியில் முட்டி நிற்க வேண்டும், ஆனால் பெட்டி இருந்த இடத்தை ஊடுருவிக்கொண்டு முழுதும் சாய்ந்துவிடுகிறது. ஐந்து மாதக் குழந்தைகள் இந்த நடக்கக் கூடாத காட்சியை அதிக நேரம் வெறித்துப் பார்த்தன. அப்படியானால் பெட்டி இருப்பது அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததைக் கையால் செய்து காட்டத்தான் தெரியவில்லை. இதற்கும் எதிர்வாதம் உண்டு. பலகை அதிக தூரம் அசைவதே கண்ணை ஈர்த்திருக்கலாம், வெறித்த பார்வைக்குள் இவ்வளவு அறிவைப் படிப்பது மிகை என்று சிலர் வாதிட்டார்கள். அந்தச் சர்ச்சை முழுதாக அடங்கவில்லை. எனக்கு வேண்டியது அந்தச் சர்ச்சையின் முடிவு அல்ல. கை நீட்டவில்லை என்பதிலிருந்து அறிவு இல்லை என்பதற்குப் போக வழி கிடையாது என்பது அதில் உறுதியாகிவிட்டது. வெறித்துப் பார்த்தது என்பதிலிருந்து முழு அறிவுக்குப் போகவும் வழி கிடையாது. இராமானுசரின் பாகுபாடு இரண்டு பக்கமும் வெட்டும். வெளிப்படாததை இல்லாததாக்கவும் கூடாது, வெளிப்பட்ட துளியை முழுமையாக்கவும் கூடாது.

இதற்கு மிகப் பழைய மறுப்பு ஒன்று தமிழிலேயே இருக்கிறது. மணிமேகலையில் வரும் பூதவாதி, பூவும் வெல்லமும் பிறவும் கூடினால் மதுவின் வெறி பிறப்பதைப்போல, நிலம், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது என்கிறான். அவனுடைய இன்றைய வாரிசுகள் கேட்பார்கள்: மூளை வளர்கிறது, அதனோடு அறிவு புதிதாக உண்டாகிறது, இதில் முன்பே இருந்து வெளிப்படுவதற்கு என்ன இருக்கிறது? நியாயமான கேள்வி. நரம்பிணைப்புகள் பிறந்தபின் பெருமளவு உருவாகின்றன, பிறகு பதின்பருவம் வரை கழிக்கப்படுகின்றன. இரண்டு வயதில் மூளையின் பருமன் பெரியவர்களுடையதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்காகிவிடுகிறது. இவையெல்லாம் உண்மையான ஆக்கம், திரை விலகல் அல்ல. பூதவாதி சரியாகவே சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அவனுக்கு இந்தப் பாகுபாடு தேவைப்படுகிறது. உண்டாகிவிட்ட திறனுக்கும் அந்தத் திறன் இன்றைக்கு, இந்த அறையில், இந்த அந்நியரின் முன்னால் செயல்படுவதற்கும் இடையே இடைவெளி இருக்கிறது. தூங்கிவழியும் குழந்தையின் திறன் எங்கும் போய்விடவில்லை என்று பூதவாதியும் ஒப்புக்கொள்வான். உறக்கத்தைப் பற்றிய இராமானுசரின் கேள்வியை அவனாலும் தவிர்க்க முடியாது. இராமானுசர் இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறார்: உணர்வு என்று ஒன்று தனியாக மிதப்பதில்லை, அது எப்போதும் எதையோ பற்றியது, எப்போதும் யாருடையதோ. வண்ணமிட்ட மூளைப் படத்தில் எந்தப் பகுதி ஒளிர்கிறது என்று தெரியும். அது யாருக்கு என்னவாக இருக்கிறது என்பது படத்தில் வராது.

இன்னொரு மறுப்பு அறிவியல் முறையிலிருந்து வருகிறது. 'இருக்கிறது, ஆனால் வெளிப்படவில்லை' என்ற கூற்றை எந்தச் சோதனையாலும் பொய்யாக்க முடியாதே, பொய்யாக்க முடியாத கூற்றால் என்ன பயன்? அதை ஒரு கண்டுபிடிப்பாக முன்வைத்தால் இந்த மறுப்பு சரி. நான் அதைச் சுமை யார் தலையில் என்பதைப் பற்றிய விதியாகவே முன்வைக்கிறேன். இல்லை என்று சொல்பவர், என்னென்ன தடைகள் இருந்திருக்கலாம் என்று எண்ணிப்பார்த்து, அவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தபின்தான் அப்படிச் சொல்ல வேண்டும். எந்தத் தடையை நீக்கினால் வெளிப்படும் என்று குறிப்பாகச் சொன்னால் அது சோதிக்கக்கூடிய கூற்றாகிவிடுகிறது. தலையசைவைக் கழித்துப் பார்த்தவர்களும் கையை விட்டுக் கண்ணைக் கேட்டவர்களும் செய்தது அதைத்தான்.

தடைகளை எண்ணத் தொடங்கினால் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்வழி ஒரு நல்ல சோதனைக்களம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் வந்த நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. 2010இலிருந்து ஒரகடத்தில் கார்களும் பிறகு லாரிகளும் பைக்குகளும் வரிசையாக வந்தன. சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால் பக்கமெல்லாம் கம்பெனி பஸ்கள் ஷிப்ட் மாற்றத்துக்கு ஓடுகின்றன. நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி, பயிற்சியாளர், கட்டுமான வேலைக்கு வந்த ஒடிசா, பீகார், மேற்கு வங்கக் குடும்பம். அந்தக் குடும்பத்துப் பிள்ளை மூன்று வயதில் அங்கன்வாடிக்கு வந்தால் ஆசிரியை பேசுவது தமிழ். வளர்ச்சியை அளக்கும் அளவுகோல்களில் கட்டைகளை அடுக்கு, பொம்மையின் கண்ணைக் காட்டு, படத்தில் பந்து எங்கே என்பது போன்ற கேள்விகள் வரும். பிள்ளை கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. அம்மாவுக்கும் சொன்னது விளங்கவில்லை. தாளில் அந்த உருப்படிக்கு நேராகப் பூஜ்யம் விழுகிறது. இந்தியக் குழந்தைகளுக்கென்று பரோடாவில் பிரமிளா பாடக் உருவாக்கிய அளவுகோல் இருக்கிறது, நல்ல முயற்சி. ஆனால் இந்தியக் குழந்தை என்ற ஒரு குழந்தை கிடையாது. மொழி தேவைப்படாத கருவியைக் கொண்டுபோகலாமே என்றால் அதற்கும் வேறு தடை. தலையில் ஒளி பாய்ச்சி மூளையின் இரத்த ஓட்டத்தை அளக்கும் கருவியை உத்தரப் பிரதேசக் கிராமங்களுக்கு எடுத்துச்சென்று 2019இல் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். அடர்ந்த கறுப்பு முடி அந்த ஒளியை விழுங்கும். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலையில் கருவியின் முனை சரியாக ஒட்டாது. கருவிக்கு எளிதில் பிடிபடும் குழந்தைகளே கணக்கில் அதிகம் ஏறுகிறார்கள்.

இதைச் சமூகவியல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஸ்ரீபாஷ்யத்தில் உடல் என்றால் என்ன என்பதற்கு இராமானுசர் புகழ்பெற்ற இலக்கணம் ஒன்று தருகிறார். எந்தப் பொருளை ஓர் உயிர் தன் நோக்கத்துக்காக முழுதும் ஆளவும் தாங்கவும் முடியுமோ, எது அந்த உயிருக்கே உரியதாய் இருப்பதையே இயல்பாகக் கொண்டதோ, அது அந்த உயிரின் உடல். உடனே ஒரு சந்தேகம் எழும். அடிபட்ட, வாதத்தால் முடங்கிய உடலை உயிர் ஆள்வதில்லையே, அது உடல் இல்லையா? அவர் பதில்: ஆளும் ஆற்றல் அங்கேயும் இருக்கிறது, தடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான். நெருப்பின் சுடும் ஆற்றல் ஏதோ தடையால் தெரியாமல் போவதில்லையா? இந்தப் பதிலில் உள்ள மனிதநேயத்தை விட, இதன் கறாரான தருக்கமே என்னை ஈர்க்கிறது. தடைபட்டிருக்கிறது என்று சொன்ன கணமே தடை எது என்ற கேள்வி எழுகிறது. தமிழ்நாட்டில் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றுப்படி, 2019–21இல், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் கால்வாசிப் பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. விரல்நுனி இரத்தத்தில் அளக்கும் முறை மிகைப்படுத்துகிறது என்ற விவாதம் உண்டு, பாதியாக்கிக்கொண்டாலும் எண்ணிக்கை சிறிதல்ல. இரும்புச்சத்து, உறக்கம், வீட்டில் பேச்சுக்கொடுக்க ஆள் இருப்பது, இவையெல்லாம் பெயர் சொல்லக்கூடிய தடைகள். இரவு ஷிப்ட் முடிந்து அப்பா பகலில் தூங்கும் ஒற்றை அறையில் பிள்ளை சத்தமில்லாமல் விளையாடப் பழகிக்கொள்கிறது.

இங்கேதான் கடுமையான மறுப்பு வருகிறது. அது மருத்துவர்களிடமிருந்து வரும் மறுப்பு: வெளிப்படவில்லை, வெளிப்படவில்லை என்று சொல்லிக்கொண்டே காத்திருந்தால் உதவி தேவைப்படும் குழந்தை கைநழுவிப்போகும். மூளை காத்திருக்காது. ருமேனியாவில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 136 கைவிடப்பட்ட குழந்தைகளிடம் நடந்த புக்காரெஸ்ட் ஆய்வு இதைக் கண்கூடாகக் காட்டியது. குலுக்கல் முறையில் பாதிப்பேர் காப்பகத்திலிருந்து வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். அவர்களுடைய அறிவுத்திறன் ஏறியது. இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு அதிகமாகவும் பிந்திப் போனவர்களுக்குக் குறைவாகவும் ஏறியது. கோஸ்டாரிகாவில் பெட்சி லோசாஃப் பின்தொடர்ந்த குழந்தைகளின் கதை இன்னும் கசப்பானது. சிசுவாக இருந்தபோது கடும் இரும்புக்குறை இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்துக் குறை சரிசெய்யப்பட்டது. ஆனாலும் பத்தொன்பது வயதில் அவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தார்கள், ஏழைக் குடும்பத்தவர்களிடம் அந்த இடைவெளி வளரவும் செய்தது. தடை நீங்கியது, ஒளி முழுதும் திரும்பவில்லை. இராமானுசரின் சட்டகம் இந்த இடத்தில் திணறுகிறது. தடை என்று நாம் நினைத்தது வெறும் தடையாக இருக்கவில்லை, வெளிப்படுவதற்கான கருவியையே வேறு விதமாகக் கட்டிவிட்டது. உயிரின் இயல்பான அறிவுக்குக் குறைவே கிடையாது, முத்தியில் அது முழுதும் விரியும் என்று ஸ்ரீவைஷ்ணவர் சொல்லலாம். பத்தொன்பது வயதில் வேலை தேடும் பிள்ளைக்கு அந்த விரிவு உதவாது. ஆகவே இந்த நெறியை ஆறுதலாகப் பயன்படுத்துவதை நான் ஏற்கவில்லை. ஆனால் மருத்துவரின் மறுப்பு நெறியை வீழ்த்துவதாகவும் எனக்குத் தோன்றவில்லை. உதவி தேவை என்று சொல்ல, இல்லை என்ற தீர்ப்பு அவசியமில்லை. இந்தப் பிள்ளையிடம் மொழி வெளிப்படவில்லை, தடை எதுவென்று உடனே பார்க்க வேண்டும் என்ற வாக்கியம், இந்தப் பிள்ளை மந்தம் என்ற வாக்கியத்தைவிட வேகமாகவே ஆளை நடக்கவைக்கும். பொறுமையாகக் காத்திருக்கச் சொல்வது நெறியின் வேலையல்ல.

அறிவு சுருங்குவது கன்மத்தால் என்றுதானே இராமானுசர் சொல்கிறார், அப்படியானால் இரத்தசோகையும் அந்தக் குழந்தையின் வினைப்பயன்தானா என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். கன்மக் கொள்கையை நான் இங்கே கடன் வாங்கவில்லை. வாங்கியவர்களும், அதே மரபு நோய்க்கு மருந்து தேடுவதையும் பசித்தவனுக்குச் சோறு போடுவதையும் ஒருநாளும் தடுத்ததில்லை என்பதை நினைவில் வைக்கலாம். பிறர் துன்பத்துக்குக் கன்மத்தைக் காரணம் காட்டிக் கையைக் கட்டிக்கொள்வது சோம்பலுக்குச் சமயச்சாயம் பூசுவது.

உடலுக்கு இராமானுசர் தந்த இலக்கணத்தில் 'தன் நோக்கத்துக்காக' என்று ஒரு பகுதி இருந்தது. உடல் அந்த உயிரின் நோக்கத்துக்கானது, பெற்றோரின் நோக்கத்துக்கானது அல்ல, ஆலையின் நோக்கத்துக்கானதும் அல்ல, ஆய்வேட்டின் நோக்கத்துக்கானதும் அல்ல. ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தையிடம் வாய்மொழியாகவும் அதற்கு மேல் பதினெட்டு வரை எழுத்திலும் இசைவு பெறச் சொல்கின்றன. ஏழுக்குக் கீழே பெற்றோர் சொல்வதே முடிவு. மூளை அதிகம் வளரும் ஆண்டுகள் முழுவதும் அந்தக் கோட்டுக்குக் கீழே விழுகின்றன. பெற்றோரோ வெள்ளைக் கோட்டு போட்டவர் கேட்டால் வைத்தியம் என்று நினைத்துக் கையெழுத்திடுகிறார்கள். படமெடுப்பது வைத்தியமல்ல என்று நூறு முறை விளக்கினாலும், பிள்ளைக்கு ஏதோ நல்லது செய்கிறார்கள் என்ற நம்பிக்கையைக் கலைப்பது கடினம். அதைக் கலைக்காமல் விடுவதில் ஆய்வாளருக்கு வசதியும் இருக்கிறது. வேலை நிரந்தரமில்லாத இடத்தில், மறுத்தால் யாருக்காவது பிடிக்காமல் போகுமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும்.

பிள்ளையே இல்லாத தொழிலாளியைத் தேடும் போக்கும் இந்த வழித்தடத்தில் உண்டு. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில், ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்களை எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியைத் தொடர்ந்து ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. தொழிலாளியின் குடும்பம் வேரூன்ற முடியாத இந்த நிலை ஆய்வின் கணக்கிலும் பிரதிபலிக்கும். தமிழ்நாட்டில் குழந்தை வளர்ச்சியை நீண்டகாலம் பின்தொடர்ந்த சிறந்த ஆய்வுகளில் ஒன்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினுடையது. எட்டு நாடுகளில் நடந்த ஒரு திட்டத்தின் பகுதியாக 2010லிருந்து 251 குழந்தைகளைச் சேர்த்தார்கள், ஐந்து வயதிலும் அவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆய்வில் தொடர்ந்தார்கள். தொடர்ச்சியாக உயரம் குன்றிய பிள்ளைகள் அறிவுத்திறனில் பின்தங்கியதை அவர்களால் அதனால்தான் சொல்ல முடிந்தது. இந்த வெற்றிக்கு அடிப்படை, பெயர்ந்து போகாத குடும்பங்கள். ஊரைவிட்டுப் போகத் திட்டமிடும் குடும்பங்களைச் சேர்ப்பதில்லை என்பது இத்தகைய ஆய்வுகளின் நியாயமான நிபந்தனை. அந்த நிபந்தனையை ஒரகடத்தில் வைத்தால் மிஞ்சுபவர்கள் பழைய ஊர்க்காரர்களும் நிரந்தர வேலைக்காரர்களும்தான். காண்ட்ராக்ட் முடிந்தால் குடும்பம் போய்விடும், செல்போன் எண் மாறிவிடும். விட்டுப்போனவர்களைப் புள்ளியியல் ஈடுகட்டும் முறைகள் இருக்கின்றன. அவற்றில் பரவலாகப் பயன்படுபவை, போனவர்கள், நமக்குத் தெரிந்த விவரங்களில் தங்களை ஒத்த, தங்கியவர்களைப் போன்றவர்கள்தான் என்ற அனுமானத்தில் நிற்கின்றன. வேலை போனதால் போன குடும்பத்தின் பிள்ளை, வேலை நிலைத்ததால் தங்கிய குடும்பத்தின் பிள்ளையைப் போன்றது என்று எடுத்துக்கொள்ள எந்த ஆதாரமும் இல்லை. அட்டவணையில் வெற்றுக் கட்டமாக இருப்பதால் அந்தப் பிள்ளை மற்றவர்களின் சராசரியில் கரைக்கப்படுகிறது. வெளிப்படாததை இல்லாததாக்கும் தாவலின் இன்னொரு உருவம் இது. இதற்கு மாற்று, ஓரிடத்தில் அமர்ந்து குழந்தைகளுக்காகக் காத்திருக்கும் ஆய்வை விட்டு, குடும்பம் போகும் ஊருக்குப் பின்னால் போகும் ஆய்வு. தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் ஒரே குழந்தையை அளக்கத் தெரிந்த, சொந்த ஊரின் அங்கன்வாடிப் பதிவேட்டையும் இங்குள்ள பதிவேட்டையும் இணைக்கத் தெரிந்த ஆய்வு. செலவு அதிகமாகும், எண்ணிக்கை குறையும், முடிவு தாமதமாகும். நிதி தருபவர்களின் மூன்றாண்டு, ஐந்தாண்டுக் கெடுவுக்குள் அது அடங்குவதில்லை.